பூசணிக்காய்க்குப் பக்கத்தில் என் கம்ப்யூட்டர்

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். படிப்பு பத்தாவது, அதற்குப் பிறகு ஐ.டி.ஐ. பத்தாவதில் ஆங்கிலத்துக்கு முப்பத்தாறு மார்க். பாஸுக்கு மேலே இருக்கிற அந்த ஒரு மார்க்கைக் கர்த்தர் தன் கையால் சேர்த்துப் போட்டார் என்று என் அம்மா கடைசிவரை நம்பினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டினேன், அதில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினேன் என்று சொன்னால் சிலர் உடனே என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த மரியாதை எப்படியும் போய்விடும்.

எங்கள் கம்பெனியில் தோல் அளக்கிற மிஷின் ஒன்று இருந்தது. பதப்படுத்திய தோலை ஒரு பக்கம் விட்டால் உருளைக்கு அடியில் போய் மறுபக்கம் வரும். அதற்குள் அதன் வளைவு, ஓட்டை, வால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து இத்தனை சதுர அடி என்று சிவப்பு எண்ணில் காட்டிவிடும். எந்த ஆடும் சதுரமாகப் பிறப்பதில்லை என்பதால் இது லேசான வேலை அல்ல. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடத்தில் புது மிஷின் வந்தது. பழையதை உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டார்கள். அதன் வயிற்றுக்குள் இருந்த எலக்ட்ரானிக் கார்டை மட்டும் சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட் பாஸில் 'உபயோகமற்றது' என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு பழைய சட்டையில் சுற்றி எடுத்துவந்தேன்.

என்னோடு அதே ஷிப்டில் ஃபிட்டராக இருந்த பாய் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே வாரம்.

"இன்னாப்பா, புள்ள பொறந்த மாதிரி துணியில சுத்தி எடுத்துனு போற?"

"பாய், இதுல இஸட் எய்ட்டின்னு ஒரு சிப் இருக்குது. கம்ப்யூட்டரோட மூளை. முன்னெல்லாம் இதை வெச்சுத்தான் கம்ப்யூட்டரே செஞ்சாங்க."

"அப்ப இத்தினி வருசமா நம்ம ஆட்டுத்தோலை அளந்தது கம்ப்யூட்டரா? அல்லா, நான் அதை ஸ்பேனர்ல தட்டினு இருந்தேனே!"

"அதனாலதான் சில நாள் ஜாஸ்தி காட்டுச்சு."

வீட்டில் என் மனைவி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நாலு தெருவுக்கு அவள்தான் டைலர். எங்கள் வீட்டில் சமமான இடம் என்றால் அவள் துணி வெட்டுகிற மேஜை ஒன்றுதான். கார்டை அதன்மேல் வைத்தேன்.

"இன்னாங்க இது, தோலு ஊற வெக்கிற சுண்ணாம்புக் குழி நாத்தம் அடிக்குது."

"ரெண்டு நாளு இருக்கட்டும். அப்புறம் எடுத்துடறேன்."

அந்த இரண்டு நாள் இரண்டு வருடம் ஆயிற்று. அத்தனை நாளும் அவள் தரையில் பாய் விரித்துக் குனிந்து துணி வெட்டினாள். எழுந்திருக்கும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஆண்டவரே" என்பாள். அது ஜெபமா, என்னைச் சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை.

முதல் தடவை கரண்ட் கொடுத்த ஞாயிறு மத்தியானம் பாயும் வந்திருந்தார். கார்டில் இன்னும் பழைய புரோகிராம்தான் இருந்தது. அளக்கிற கண்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டதால் எல்லா வயரும் அந்தரத்தில் தொங்கின. சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது அறுபத்து மூன்று சதுர அடி என்று காட்டியது. பக்கத்தில் தோல் என்று சொல்ல நாங்கள் மூன்று பேர் போர்த்தியிருந்ததுதான் இருந்தது.

பாய் பயந்து கதவைப் பார்த்தார். "முதலாளிக்கு மட்டும் சொல்லாதப்பா. தோலே இல்லாம அறுபத்து மூணு அடி அளக்குதுன்னு தெரிஞ்சா புது மிஷினை வித்துட்டு இதைத் திரும்ப வாங்கிக்குவாரு."

அப்புறம்தான் நிஜமான வேலை ஆரம்பித்தது. கார்டோடு கூடுதல் மெமரி சேர்த்தேன். ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட கீபோர்டும் பச்சை எழுத்துத் திரையும் காயலான் கடையில் கிடைத்தன. பிளாப்பி டிரைவும் அதை ஓட்டுகிற சிப்பும் சென்னையில் ரிச்சி தெருவில் வாங்கினேன். எல்லாவற்றையும் போட்டு மூட ஒரு பெட்டி வேண்டுமே, அதற்கு ஃப்ரிட்ஜுக்குப் போடுகிற பழைய ஸ்டெபிலைசர் பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே இருந்த செம்புச் சுருளைக் கழற்றிவிட்டு என் கார்டுகளை அடுக்கினேன். முகப்பில் இருந்த வோல்ட் முள்ளையும் பச்சை விளக்கையும் எடுத்தால் ஓட்டை விழும் என்பதால் அப்படியே விட்டேன். இந்தச் சோம்பல் பின்னால் எனக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

கம்ப்யூட்டர் என்றால் பெட்டி மட்டும் போதாது, ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். இஸட் எய்ட்டிக்கென்று பழைய காலத்தில் சி.பி/எம் என்று ஒன்று இருந்தது. அதன் புரோகிராம் முழுவதையும் நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். சென்டர்காரர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிரிண்டர் கெட்டுப்போச்சு போல, வெறும் கிறுக்கலா வருது" என்று பாதியில் நிறுத்திவிட்டார். அது அப்படித்தான் இருக்கும் என்று அவரை நம்பவைக்க ஒரு டீ செலவானது.

டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்து நம் வீட்டில் தங்குகிற பிரசங்கியார் மாதிரி. அவருக்குப் பிரசங்கம் தெரியும். நம் வீட்டில் தண்ணீர் டிரம் எங்கே, கொல்லைப்புறக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். இந்தப் பிரசங்கியார் மொத்தம் பதினேழு கேள்வி கேட்பார். ஒரு எழுத்தைத் திரையில் போடுவது எப்படி, கீபோர்டில் அழுத்தினது எது, பிளாப்பியில் இந்தத் துண்டை எடுத்துத் தருவது எப்படி என்று இப்படிப் பதினேழு. அந்தப் பதினேழுக்கும் பதில் எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் நம் வீட்டில் குடியேறிவிடுவார். நான் ஞாயிறு பள்ளியின் பழைய வருகைத் தாள்களின் பின்பக்கத்தில் அந்தப் பதில்களை எழுதினேன்.

எழுதியதை ஒரு சிப்பில் பதிய வேண்டும். பதிகிற கருவி வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில்தான் இருந்தது. பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தாளைப் பிரித்தால், பள்ளிகொண்டா வருவதற்குள் ஏதாவது ஒரு தப்பு கண்ணில் படும். அங்கேயே இறங்கி ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து திருத்துவேன். சில சமயம் திருத்த முடியாமல் எதிர்ப்பக்க பஸ்ஸில் வீட்டுக்கே திரும்பிவிடுவேன். பள்ளிகொண்டாவில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. ஆனாலும் அந்த பஸ் ஸ்டாண்டில் என்னை நலம் விசாரிக்கிற அளவுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

தப்பாகப் பதிந்த சிப்பை அழிக்கவும் ஒரு வழி உண்டு. அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதற்கென்று விற்கிற விளக்கு இல்லாவிட்டால் நல்ல வெயிலில் ஒரு வாரம் வைத்தாலும் அழிந்துவிடும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது கஷ்டம். எங்கள் பக்கத்து வெயிலுக்கு அது ஒரு வேலையே அல்ல. மாடியில் என் மனைவி மிளகாய் காயவைக்கிற முறத்தின் ஓரத்தில் நாலு சிப்பை வரிசையாக வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவேன்.

"இன்னாங்க, உங்க சிப்ஸு காஞ்சிருச்சா பாருங்க, மொளகா காஞ்சிருச்சு" என்பாள்.

ஒரு நாள் கண்ணாடி மினுங்குவதைப் பார்த்து ஒரு காக்கை சிப்பைத் தூக்கிக்கொண்டு பறந்தது. நான் லுங்கியோடு மூன்று தெரு ஓடினேன். எதிரே சைக்கிளில் வந்த பாய், "இன்னாப்பா, வடை போச்சா?" என்றார். "இல்ல பாய், சிப்ஸு போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். காக்கை அதைப் பள்ளிக்கூடத்து ஓட்டின்மேல் போட்டுவிட்டது. ஏணி வாங்கி ஏறி எடுத்தேன். அதில் இன்னும் தப்பு அழியாமல் அப்படியே இருந்தது.

பதினாறு பதில்கள் ஒருவழியாகச் சரியாயின. பிளாப்பியிலிருந்து எடுத்துத் தருகிற ஒன்று மட்டும் மூன்று மாதம் என்னைப் பேஜார் பண்ணியது. எல்லாம் சரியாக இருந்தால் திரையில் 'ஏ' என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் வர வேண்டும். நான் இருக்கிறேன், என்ன வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு வந்ததெல்லாம் வெறும் இருட்டு.

ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். கம்ப்யூட்டரை அணைக்க மறந்துவிட்டேன். அது தனக்குத் தானே திரும்பத் திரும்பப் பிளாப்பியைப் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று எனக்கு மனசு ரொம்ப உடைந்திருந்தது. கண்ணை மூடி, வழக்கமான விண்ணப்பங்களை முடித்துவிட்டு, "ஆண்டவரே, இந்த ஏ எழுத்தும் அம்புக்குறியும் வந்துட்டா இதனோட முதற்பலனை அறுப்பின் பண்டிகையில உமக்கே கொண்டுவந்து படைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் மனைவி சத்தமாக ஆமென் சொன்னாள்.

ஆமென் சொல்லியும் நான் கண்ணைத் திறக்கவில்லை. இருட்டில் டிரைவின் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் 'டிக்' என்று ஒன்று. அதற்கப்புறம் 'உய்ய்ய்' என்று மோட்டார் வேகம் எடுத்தது. 'டிக்' என்பது படிக்கிற தலை நகர்கிற சத்தம். தட்டு சரியாகச் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நான் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்! மூன்று மாதம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்ததில் இது தெரியவில்லை. மறுநாளே பஸ் ஏறினேன். பள்ளிகொண்டாவில் இறங்கவில்லை. மோட்டார் கிளம்பியதும் ஒரு நொடி சும்மா இரு என்று புரோகிராமில் நாலு வரி சேர்த்துப் பதிந்துகொண்டு வந்தேன்.

வந்துவிட்டது. பச்சை நிறத்தில் ஏ, பக்கத்தில் அம்புக்குறி. அதற்கு எதிரில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கு மினுக்கு என்று என்னைக் கூப்பிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று இங்கிலீஷ் எழுத்தில் 'ஸ்தோத்திரம்' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கேட்பது அதன் வழக்கம். 'ஸ்தோத்திரம்?' என்றது.

"இன்னாங்க, அவிசுவாசியா இருக்குது!" என்றாள் என் மனைவி.

அதோடு விட்டிருக்கலாம். அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். "பொருத்தனை பண்ணீங்களே, இன்னா படைக்கப் போறீங்க?"

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் கையால் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். தோட்டம் உள்ளவர்கள் பூசணிக்காய், கரும்பு. கோழி வளர்க்கிறவர்கள் கோழி. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் மணிபர்ஸும் பெல்ட்டும் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல முதல்ல எழுதற ஒரு தாளை பிரேம் போட்டு வெச்சிடலாம்னு..."

"கோழி வளர்த்தவங்க கோழியைக் குடுக்கறாங்களா, கோழி கொத்தின தாளைக் குடுக்கறாங்களா? ரெண்டு வருசமா நீங்க வளர்த்தது இன்னா? அந்தப் பொட்டிதானே?"

நான் போதகரிடம் போனேன். அவர் நல்லவர், யார் மனதும் நோகாமல் பேசுவார். "ஆண்டவர் உங்க பெட்டியையா கேக்கறாரு? இருதயத்தைத்தானே கேக்கறாரு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆனா" என்று அவர் தாடையைத் தடவினார், "வாயால சொல்லிட்டீங்களே." உயிர் மறுபடியும் போயிற்று.

அந்த வாரம் முழுக்கப் பாயிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். கடைசியில் அவர் சொன்னார், "இன்னாப்பா இதுக்குப் போயி. குடுத்துட்டு நீயே ஏலத்துல எடுத்துக்கோ. உங்காளுங்க வீட்டுப் பூசணிக்காயை அவங்களே எடுக்கறது இல்லையா?" உண்மைதான். எல்லோரும் அப்படிச் செய்வதுண்டு. படைத்ததும் ஆயிற்று, பொருளும் திரும்பியது. எனக்கு அது தோன்றாமல் போனதே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரிண்டர் வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே கையை நீட்டுகிறான் என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

பண்டிகை அன்று திரையையும் கீபோர்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டேன். அவை காயலான் கடையில் வாங்கியவை, நான் விளைவித்தவை அல்ல என்று மனைவியும் ஒத்துக்கொண்டாள். பெட்டியை மட்டும் துடைத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஆல்டருக்கு முன்னால் இரண்டு பூசணிக்காய்க்கு நடுவே வைத்தேன். வைத்த கையை எடுக்க வரவில்லை. பின்னால் கோழியோடு நின்றவர் செருமின பிறகுதான் நகர்ந்தேன்.

ஆராதனை முடிந்து ஏலம் நடக்கிற பந்தலுக்குப் போகிற வழியில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன சிஸ்டரம்மா என்னை நிறுத்தினார்கள். ஆறடி உயரம். வார்டையே அதட்டி வைத்திருந்த குரல்.

"தம்பி, அந்த ஸ்டெபிலைசர் உன்னுதா? எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குத் தாங்குமா?"

"சிஸ்டரம்மா, அது ஸ்டெபிலைசர் இல்ல. கம்ப்யூட்டர்."

"ஓ, கம்ப்யூட்டருக்குப் போடறதா? அப்ப ஃப்ரிட்ஜுக்குத் தாராளமாத் தாங்கும்."

சொல்லிவிட்டு அவர்கள் பெண்கள் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். பந்தலிலும் அப்படியே. நடுவே படைத்த கரும்புக் கட்டுகளை எல்லாம் நிறுத்தி வைத்திருந்ததால் இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. நடுவில் ஸ்டூல்மேல் மைக்கோடு நின்ற, போதகருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாருக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். ஏலம் விடுவது அவர்தான்.

கோழி போயிற்று, கரும்பு போயிற்று. உபதேசியார் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "அடுத்து ஒரு ஸ்டெபிலைசர்! முள்ளு இருக்குது, லைட்டு இருக்குது! கோடைக்கு உங்க ஃப்ரிட்ஜுக்கு ஒரு பாதுகாப்பு!" உடனே நாலைந்து கைகள் எழுந்தன.

ஆலய வளாகத்தில் ஒரு பொய்க்கு நான் உடந்தையாக இருக்க முடியாது. எழுந்து நின்றேன். "ஐயா, மன்னிக்கணும். அது ஸ்டெபிலைசர் இல்ல. கரண்ட்டு ஏத்தம் இறக்கம் ஒண்ணும் பண்ணாது. அது ஒரு கம்ப்யூட்டர்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. "விலையைக் கம்மி பண்ணி அவரே அடிச்சுக்கப் பாக்கறாரு!" என்றார் என் பின்னால் ஒருவர். உபதேசியார் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கேட்டீங்களா? கம்ப்யூட்டராம்! அப்ப ஸ்டெபிலைசர் விலைக்கு எப்படிக் குடுக்கறது?" என் உண்மையால் ஏலம் ஒரே தாவலில் இரண்டு மடங்கில் ஆரம்பித்தது.

விலை ஏற ஏற மற்றவர்கள் கையை இறக்கிவிட்டார்கள். நான் வெட்கத்தோடு ஒரு கம்பத்துக்குப் பின்னால் நின்று விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன். "ஆண்கள் பக்கம் ஐம்பது ஏத்தம்!" என்றார் உபதேசியார். கரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிஸ்டரம்மாவின் குரல் வந்தது. "இன்னும் ஐம்பது!"

விரலைத் தூக்கினேன். "இன்னும் ஐம்பது!" மறுபடியும் தூக்கினேன். "இன்னும் ஐம்பது!" ஒரு ஃப்ரிட்ஜுக்கு இந்தப் பாடா? புது ஸ்டெபிலைசரே வாங்கிவிடலாம் என்கிற விலை தாண்டிவிட்டது. சிஸ்டரம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பண்டிகை நாளில் இப்படி நினைக்கிறேனே என்று உடனே மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு விரலைத் தூக்கினேன். "இன்னும் ஐம்பது!"

என் சட்டைப்பையில் இருந்தது அத்தோடு தீர்ந்தது. விரல் தானாக மடங்கியது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று உபதேசியார் இழுத்தார். ஸ்டூல்மேல் நின்றபடி என்னையே பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "மூணு தரம்! பெண்கள் பக்கம்!"

கைதட்டல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஜெபம் வரவில்லை. அந்தச் சிஸ்டரம்மா வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், யாரும் கேட்காமல் 'ஏ' என்று சொல்லிக்கொண்டு அது உட்கார்ந்திருப்பதுதான் மனதில் வந்தது. அந்த எழுத்தைக் காட்ட அதற்கு ஒரு திரைகூட இருக்காது.

கூட்டம் கலைந்தபோது சிஸ்டரம்மா பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்கள். பின்னால் என் மனைவி.

"இந்தா தம்பி, பிடி. கனம் கனக்குது. உன் வீட்டுக்காரி எடுத்தது. கூச்சமா இருக்குது, நீங்க கேளுங்க சிஸ்டரம்மான்னு என்னைக் கத்த விட்டுட்டா. தொண்டை போச்சு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க பொட்டியை வெச்சுட்டு கையை எடுக்காம நின்னீங்களே, பாத்துட்டு மனசு கேக்கலீங்க. தையல் துட்டு கொஞ்சம் வெச்சிருந்தேன். சும்மா ரெண்டு ஏத்தத்துல முடிஞ்சிருக்கும். ஆம்பளைங்க பக்கம் எவனோ ஒரு பாவி ஏத்திக்கினே போனான்!"

நான் அதே விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"ஐயோ, நீங்களா?"

"நீ பொண்ணுங்க பக்கம் இருந்து கேப்பேன்னு எனக்கு இன்னா தெரியும்? சிஸ்டரம்மாவுக்கு ஃப்ரிட்ஜு..."

"ஆம்பளையா எந்திரிச்சுக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல! இன்னாத்துக்கு கம்பத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்க?"

"நீ மட்டும் உன் வாயால கேட்டியா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உபதேசியார் பக்கம் திரும்பினோம். அவர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, மேல நின்னு ரெண்டு பக்கமும் பாத்தீங்களே. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றார் வயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "புருசனும் பொண்டாட்டியும் போட்டி போட்டுக்கினு ஆண்டவருக்குக் குடுக்கறீங்க. ஆவியானவர் கிரியை செய்யறப்ப நடுவுல நான் யாரு தடுக்கறதுக்கு?"

அந்த வருடம் ஆலயத்துக்குப் புதுக் குழல்விளக்குகள் போட்டார்கள். இரண்டு எங்களுடையது என்று என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திரையோடு சேர்த்து மாட்டினேன். உட்காரப் போனேன். அவள் என் தோளைத் தள்ளினாள். "எழுந்திருங்க. ஏலத்துல எடுத்தது நானு." நியாயம்தான். நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றேன். அவளே சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஒரு நொடி சுற்றியது. 'ஏ' வந்தது, அம்புக்குறி வந்தது.

"வந்துருச்சுங்க" என்றாள், அவளே செய்தது மாதிரி. "இப்ப இன்னா பண்ணணும்?"

"உனக்கு இன்னா வேணுமோ பண்ணலாம்."

"அதாங்க, இன்னா பண்ணலாம்?"

நான் யோசித்தேன். இரண்டு வருடத்தில், பள்ளிகொண்டாவில் இறங்கின அத்தனை தடவையிலும், இந்த ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அம்புக்குறி வர வேண்டும் என்பதோடு என் ஆசை நின்றுபோயிருந்தது. பிளாப்பியில் என்னென்ன இருக்கிறது என்று அடுக்கிக் காட்டச் சொல்லலாம். காட்டினால் அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும்தான் இருக்கும்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து எனக்குப் பாதி இடம் விட்டாள். நாங்கள் இருவரும் அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாம்பார் பொங்குகிற வாசனை வருகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

"அணைச்சுட்டு வாங்க" என்று எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "மெதுவா அணைங்க. என்னுது அது."